முன் சக்கரங்கள் இரண்டும்

காலை ஐந்து நாற்பது. ஊரடங்கு எடுபட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது காரின் முன் இடது சக்கரம். ரயரின் உட்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓர் ஈரக்கோடு இறங்கியிருந்தது. அதன் அடியில் மணல் உள்ளங்கை அளவுக்குக் கறுத்திருந்தது. இரவு மழை பெய்யவில்லை. விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். பிறேக் ஒயில்.

காருக்குள் ஏறி மிதியை அழுத்தினேன். எதிர்ப்பே இல்லாமல் அது அடிவரை போய்த் தட்டி நின்றது. அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஒயில்தான் போகும். ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கிலும் பிறேக் இல்லை.

வேறொரு நாளாக இருந்திருந்தால் காரை அப்படியே விட்டுவிட்டு நடந்து போயிருப்பேன். நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குத் திருகோணமலைச் செய்தியாளன். எனது செய்திகளில் பெரும்பாலானவை நடந்து போகும் தூரத்திலேயே கிடைத்தன. ஆனால் அன்று பன்னிரண்டு மணிக்கு முன்னர் பக்கத்து வீட்டு டீச்சரை இறக்கக்கண்டிக் கிராமத்துக்கு அப்பால் இருந்த இராணுவ முகாமுக்குக் கொண்டுபோவதாக முதல் நாள் மாலை வாக்குக் கொடுத்திருந்தேன்.

டீச்சரின் கணவர் மீன்பிடிச் சங்கமொன்றில் கணக்கெழுதும் லிகிதர். மூன்று நாட்களுக்கு முன்னர் வேலையாக இறக்கக்கண்டிக்குப் போனவரை, அந்தக் கிராமத்தில் அன்று பிடிபட்ட ஆண்களோடு சேர்த்து இராணுவத்தினர் கொண்டு போய்விட்டார்கள். முதல் நாள் மாலை ஊர்த்தலைவர் விதானையார் வேலியோடு நின்று செய்தி சொன்னார். பிடிபட்டவர்களின் பெயர்களை முகாமில் வாசிப்பார்கள். மனைவியோ தாயோ அடையாள அட்டையோடு நேரில் போய்ப் பொறுப்பெடுத்தால் விடுவார்கள். பன்னிரண்டு மணிக்குள் எவரும் பொறுப்பெடுக்காதவர்களைத் தெற்கே அனுப்புவார்கள். தெற்கே போனவர்கள் திரும்பி வந்து அதுவரை எங்கள் ஒழுங்கையில் எவரும் பார்த்ததில்லை.

வடக்கு வீதியில் பஸ் ஓடி ஒரு வாரமாகியிருந்தது. சைக்கிளுக்குத் தடை. வாடகைக் கார்க்காரர்கள் ஆறாம் மைல் கட்டைக்கு அப்பால் வர மறுத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரே கார் என்னுடையது.

ஆறு மணிக்கு ஊரடங்கு எடுபட்டதும் ஒழுங்கை முனைக்கு ஓடினேன். அங்கே கிண்ணியாவைச் சேர்ந்த, இயந்திரம் திருத்தும் பிட்டர் ஒருவர் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்தவர். நுழைவுப் பாஸை இரத்துச் செய்த பிறகு ஊருக்குள் சைக்கிளும் மோட்டாரும் திருத்திக்கொண்டிருந்தார். என்னை விட நாலைந்து வயதுதான் கூட. நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன். அவர் என்னைப் பேப்பர்காரர் என்பார்.

"என்னா பேப்பர்காரர், விடிய முதல் பேட்டி எடுக்க வந்திட்டீங்களா?" என்றார் பல் தீட்டிக்கொண்டே.

"பிறேக் போயிட்டுது நானா. முன் சில்லு ஒழுகுது."

"ஒங்கட காருக்குப் பிறேக் வேற இருந்திச்சா? நான் மதில்ல முட்டித்தான் நிப்பாட்டுறீங்கண்டு நெனச்சன்."

"டீச்சரின்ர மனுசனைக் கூட்டிவரப் போகவேணும். பன்னிரண்டுக்குள்ள."

வாயைக் கொப்பளித்துத் துப்பினார். அதற்குப் பிறகு பகிடி இல்லை. கருவிகள் கிடந்த மாச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டியிருந்த சாரத்தோடேயே வந்தார்.

ஆறே முக்காலுக்குச் சக்கரம் கழன்றது. அதன் பின்னிருந்த பிறேக் டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டித் தட்டி இழுத்தார். அது கையோடு வந்தபோது உள்ளே இருந்தது கறுப்புக் களி. ஒழுகிய ஒயிலும் லைனிங் தூளும் கலந்து, பிறை போன்ற இரண்டு பிறேக் சூக்களையும் மூடியிருந்தன. சூக்களைத் தள்ளும் சிலிண்டரின் றப்பர் கிழிந்திருந்தது. சூவைக் கழற்றி அதன் மேல் பதித்திருந்த லைனிங்கை நகத்தால் சுரண்டிக் காட்டினார். நகம் வழுக்கியது.

"றப்பர் என்னட்டக் கிடக்கு. ஆனா இந்த லைனிங் ஒயில் குடிச்சிட்டுது. பெற்றோலில கழுவினாலும் சூடேற அது திரும்பக் கக்கும். புதுசுதான் அடிக்கணும்."

லைனிங்கும் அவரிடம் இருந்தது. பட்டறையில் கழித்துவிட்ட துண்டொன்று, ஒரு முழத்துக்கு மேல். றப்பர்களை அவர் ஒரு பிஸ்கட் தகரத்தில் ஆமணக்கெண்ணெய்க்குள் போட்டு வைத்திருந்தார். இல்லாதது பிறேக் ஒயில். அரைப் போத்தலுக்கும் குறைவாகத்தான் மிச்சம். கடைகளில் அது மாதக்கணக்காக வரவில்லை. போத்தலில் அடைத்த எந்தத் திரவத்தையும் சோதனைச் சாவடிகளில் ஊற்றிவிடுவார்கள்.

"ஆமணக்கெண்ணெயில ஸ்பிரிட் கலந்தா ஓடும். வெள்ளைக்காரன் காலத்தில அதுதான் ஒயில். ஸ்பிரிட்டுக்கு வழி பாருங்க."

கொம்பவுண்டர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரது வீட்டுக்குப் போய், அவர் எழும்பும் வரை காத்திருந்து, இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் ஸ்பிரிட்டோடு நான் திரும்பியபோது ஏழே முக்கால். நானா அதற்குள் சிலிண்டரின் உட்பக்கத்து ஊத்தையை நைந்த அரத்தாளால் தேய்த்து முடித்து, லைனிங்கை வாளால் அறுத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் போவது போலவே சாறி கட்டி, கொண்டை போட்டு, கைப்பையைக் கையில் வைத்திருந்தார். அதற்குள் அடையாள அட்டையும் விவாகப் பதிவும் இருந்தன என்று பிறகு தெரிந்தது. காரின் சக்கரம் தனியாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தார்.

"தம்பி, நான் நடந்தே போறன்."

"பன்னிரண்டு மைலுக்கு மேல டீச்சர்."

"இப்ப வெளிக்கிட்டா பதினொண்டரைக்குப் போயிடலாம். உப்புவெளியில இருந்தும் ஆக்கள் நடந்துதான் போகினம்."

"இந்த வெயிலுக்கு ஏலாது. இடையில மறிச்சு வைச்சா அவ்வளவுதான். இருங்கோ, பத்து மணிக்கு முதல் கார் ரெடி. பதினொண்டுக்கு அங்க நிப்பம்."

அவர் நானாவைப் பார்த்தார். நானா தலையைத் தூக்காமல், "பத்துக்கு முடியும் டீச்சர்" என்றார். டீச்சர் குசினி வாசலில் என் மனைவி போட்ட கதிரையில் உட்கார்ந்தார். நேரம் எட்டு ஐந்து.

ஒரு சூவுக்கு எட்டுச் செப்பு ஆணி. கைத்துளைப்பானால் ஒவ்வொரு துளையாகப் போட்டு, ஆணியைச் செருகி, பின்பக்கத்தை அடித்து விரிக்க வேண்டும். பலமாக அடித்தால் லைனிங் வெடிக்கும். மெல்ல அடித்தால் ஆணி ஆடும். நானா ஒவ்வொரு ஆணியையும் அடித்த பிறகு சூவைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். இளகிய ஆணி வேறு சத்தம் தரும். இரண்டு தரம் ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்தார். நான் துளைப்பானைப் பிடித்தேன். தூள் வியர்வையில் ஒட்டிக் கை முழுவதும் சாம்பல் நிறமாகியது.

ஒன்பது பத்துக்கு டிரம் ஏறியது. நான் உள்ளே இருந்து மிதியை அழுத்தினேன். அவர் கீழே படுத்திருந்து காற்றை வெளியேற்றச் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்து மூடினார். "மிதி. பிடி. விடு. மிதி." குழாய் வழியே ஒயிலோடு குமிழிகள் கண்ணாடிப் போத்தலுக்குள் வந்தன. குமிழிகள் நின்றபோது மிதி பாதியில் கல்லுப் போல நின்றது. பிறகு டிரம்மின் துளை வழியே ஸ்குரூட்ரைவரை விட்டு, சக்கரம் இறுகும் வரை திருப்பி, ஒரு பல் பின்னுக்கு விட்டார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்தார். ஒரே இடத்தில் மெல்லிய உரசல்.

ஒன்பது இருபத்தைந்துக்கு எழுந்து கையைச் சாரத்தில் துடைத்தார்.

"சரி. போகலாம்."

டீச்சர் எழுந்துவிட்டார்.

நான் கேட்டேன். "மற்றப் பக்கம்?"

"வலது பக்கம் நல்லா இருக்கு. ஒழுகேல்ல."

"லைனிங் பழசு. இந்தப் பக்கம் புதுசு. இழுக்காதா?"

"கொஞ்சம் இடதுக்கு இழுக்கும். நீங்க வலதுக்கு ஸ்ரேறிங்கப் பிடிச்சிருந்தாச் சரி. மெதுவாப் போய் மெதுவா நிப்பாட்டுங்க."

மூன்று வாரங்களுக்கு முன்னர் உப்புவெளிச் சோதனைச் சாவடியில் விறகு ஏற்றிய வேன் ஒன்று நிற்க வேண்டிய கோட்டில் நிற்கவில்லை. இடது பக்கம் சரிந்து மண் மூட்டைகளுக்கு முன்னால் இருந்த பீப்பாய்களில் மோதியது. அங்கிருந்தவர்கள் சுட்டார்கள். சாரதியும் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நான் அங்கே போனேன். உடல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். தாரில் ரயர் தேய்ந்த அடையாளம் இருந்தது. இடது பக்கம் பதினொரு காலடி வைத்து அளந்தேன். வலது பக்கத்தில் அடையாளமே இல்லை. வடக்கு வீதியில் மண் மூட்டைகள் எல்லாம் இடது பக்கத்தில்தான்.

அதை நான் நானாவுக்குச் சொன்னேன். அவருக்கும் தெரிந்த கதைதான்.

"அது வேன். விறகு. கோணல் பாரம்" என்றார். "இது நீங்க ரெண்டு பேர்."

"எத்தனை நேரம் பிடிக்கும்?"

"லைனிங் மட்டுந்தானே. சிலிண்டர் திறக்கத் தேவையில்ல. ஒரு மணித்தியாலம்."

டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, நீங்கள் மெதுவா ஓடினா…"

"மெதுவா வாற காரையும் சுடுவாங்கள் டீச்சர். நேராக நிக்கவேணும். பத்தரைக்கு வெளிக்கிட்டாலும் பதினொண்டரைக்கு நிப்பம். நேரம் இருக்கு."

நானா என்னைப் பார்த்தார், பிறகு டீச்சரை. "ஒங்கட கார். ஒங்கட முடிவு" என்றார்.

"இரண்டு பக்கமும் செய்யுங்கோ" என்றேன்.

அவர் ஜக்கை வலது பக்கம் நகர்த்தினார். டீச்சர் மறுபடி உட்காரவில்லை. வேலிக் கதவுக்கும் காருக்கும் இடையில் நின்றுகொண்டேயிருந்தார். என் மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை அவர் கையில் வைத்திருந்தாரே தவிரக் குடித்ததை நான் பார்க்கவில்லை.

வலது பக்க லைனிங்குகள் பழையவைதான். கண்ணாடி போல மினுங்கின. ஆனால் இன்னும் கால் அங்குலத்தில் பாதித் தடிப்பு இருந்தது. நானா அதைக் கழற்றிக் கீழே போட்டார். இன்னும் பதினாறு ஆணிகள். கடைசிச் சூவில் ஒரு துளை கோணலாக விழுந்து, புதிய துண்டு அறுக்க வேண்டி வந்தது. பத்து முப்பத்தைந்துக்கு முடிந்தது. ஒழுங்கையில் மேலும் கீழும் ஐந்து தரம் ஓடி ஓடி நிறுத்திப் பார்க்கச் சொன்னார். ஐந்தாவது தரம் ஸ்ரேறிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு மிதித்தேன். கார் கயிறு பிடித்தது போல நேராக நின்றது.

"இப்ப சரியா பேப்பர்காரர்?"

"சரி நானா."

"நல்லா இறுக்கி வச்சிருக்கன். சூடேறும். பயப்படாதீங்க."

பத்து நாற்பத்தைந்துக்குப் புறப்பட்டோம். டீச்சர் பின்னால் உட்கார்ந்தார். அந்த நாட்களில் பெண்கள் முன்னால் இருந்தால் சாவடிகளில் கேள்வி கூடும்.

முதலாவது சாவடியில் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நேராக நின்றேன். இரண்டே நிமிடத்தில் விட்டார்கள். உப்புவெளியில் இரண்டாவது. அங்கும் நேராக நின்றேன். பீப்பாய்களுக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். இறங்கச் சொன்ன சிப்பாய் அடையாள அட்டையை வாங்கும்போது என் கையைப் பிடித்து மணந்து பார்த்தான். சத்தம் போட்டு இன்னொருவனைக் கூப்பிட்டான். அவனும் மணந்தான்.

"என்ன வாசம் இது?" அரைகுறைத் தமிழ்.

"பிறேக் ஒயில். காலையில் பிறேக் வேலை செய்தோம்."

"பிறேக் ஒயில் இல்லை. ஸ்பிரிட்."

எண்ணெயில் ஸ்பிரிட் கலந்த கதையைச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை, அல்லது நம்பவில்லை. டிக்கியைத் திறந்தார்கள். ஆசனங்களைத் தூக்கினார்கள். டீச்சரின் கைப்பையைக் காரின் மூடியில் கொட்டினார்கள். விவாகப் பதிவை ஒருவன் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். முதல் சிப்பாய் முன் சக்கரத்தருகே குந்தியிருந்து டிரம்மைத் தொட்டான். தொட்ட வேகத்திலேயே கையை உதறிக்கொண்டு எழுந்தான். மற்றவன் சிரித்தான். சுட்ட விரலை வாயில் வைத்தபடியே அவன் எங்களைப் போகச் சொன்னான். பதினொன்று பத்து.

பின்னால் டீச்சர் சாமான்களைக் கைப்பைக்குள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

நிலாவெளியில் இன்னொரு சாவடி. அதில் எங்களுக்கு முன்னால் இராணுவ ஜீப் ஒன்று குறுக்கே நின்றது. ஆறு நிமிடம். அதைத் தாண்டி ஒரு மைல் போனபோது எதிரே ஆட்கள் நடந்து வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஏறக்குறைய அதே அளவு பெண்கள். ஆண்களில் பலருக்கு மேலில் சட்டை இல்லை. எல்லோரும் வீதியின் நடுவிலேயே வந்தார்கள்.

நான் வேகத்தைக் குறைத்தேன். டீச்சர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி ஆணின் முகமும் கடந்து போனது. பின்னால் வந்த ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு கூட வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். டீச்சரிடம் படிக்கும் பிள்ளையொன்றின் தாய்.

"டீச்சர், இப்பதான் வாறியளோ? நாங்கள் விடியவே நடந்து வந்தனாங்கள்."

"அவரைக் கண்டனீங்களோ?"

"கண்டனான். ஆலமரத்தடியில நிண்டவர். றோட்டைப் பாத்துக்கொண்டே நிண்டவர். கெதியாப் போங்கோ."

முகாமின் வாசலில் நாங்கள் நின்றபோது பதினொன்று ஐம்பது. முற்றத்தில் ஆட்கள் இல்லை. ஆலமரத்தின் கீழே ஒரு மேசையும் கதிரையும் இருந்தன. இரண்டு சிப்பாய்கள் மேசையைத் தூக்கிக் கட்டிடத்துக்குள் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். நிலத்தில் லொறி ரயர்கள் திரும்பிய தடம். ஒன்றல்ல, இரண்டு லொறிகள்.

காவலில் நின்றவர் கையை உயர்த்தினார். டீச்சர் இறங்கி நேராக அவரிடம் நடந்தார். அடையாள அட்டையையும் விவாகப் பதிவையும் இரண்டு கையாலும் நீட்டினார். பட்டியல் வைத்திருந்த ஒருவர் உள்ளேயிருந்து வந்தார். ஓரளவு தமிழ் பேசினார். பட்டியலில் விரலை ஓட்டி நிறுத்தினார்.

"லொறி போய்விட்டது."

"பன்னிரண்டு மணியெண்டு சொன்னவை" என்றார் டீச்சர். "இன்னும் பன்னிரண்டு ஆகேல்ல."

"லொறி முந்தி வந்தது. பதினொன்று இருபதுக்கு மற்றக் காட்டுப் பாதையால் போனது."

"இவரும் அதிலயோ?"

"மூன்று தரம் பேர் வாசித்தது. மூன்று தரமும் அவர் கை தூக்கினார். எடுக்க ஆள் இல்லை." அவர் பட்டியலை மடித்தார். குரலில் கோபமோ இரக்கமோ இருக்கவில்லை. "வேறு பெண்கள் எல்லாம் நேரத்தோடு வந்தது."

நான் முன்னால் வந்து பத்திரிகை அடையாள அட்டையைக் காட்டினேன். லொறிகள் எந்த இடத்துக்குப் போகின்றன என்று கேட்டேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எழுத ஒன்றும் இல்லை. போங்கள்" என்றார்.

டீச்சர் மேசை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தானாகவே வந்து காரில் ஏறினார். திரும்பும் வழியில் உப்புவெளிச் சாவடிக்குக் கிட்ட வந்தபோதுதான் கேட்டார்.

"தம்பி, ஒரு பக்கம் செய்தவுடன வெளிக்கிட்டிருந்தா எத்தனை மணிக்குப் போயிருப்பம்?"

நான் ஏற்கனவே கணக்குப் பார்த்து வைத்திருந்தேன்.

"பத்தரைக்கு."

"ஓம்" என்றார் அவர்.

சாவடியில் கோடு வந்தது. மிதித்தேன். விரலைச் சுட்டுக்கொண்ட சிப்பாய்தான் நின்றான். எங்களைப் பார்த்துக் கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

டீச்சரின் சார்பில் நான் பல இடங்களுக்குக் கடிதம் எழுதினேன். எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அவற்றில் சிலவற்றுக்குப் பதில் வந்தது. கடிதம் கிடைத்ததென்றும் உரிய இடத்துக்கு அனுப்பியிருப்பதாகவும் அவற்றில் இருந்தது. தெற்கிலிருந்த இரண்டு முகாம்களுக்கு டீச்சர் தனியாகவே பஸ்ஸில் போய் வந்தார். இரண்டிலும் அவரது கணவரின் பெயர் இல்லை. அன்று லொறியில் ஏற்றப்பட்டவர்களில் மூன்று பேர் அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினார்கள். வழியில் ஓரிடத்தில் தங்களை இரண்டாகப் பிரித்தார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். லிகிதர் மற்ற லொறியில் இருந்திருக்கிறார்.

நானா இந்த விஷயத்தைப் பற்றி என்னோடு ஒரே ஒரு தரம் கதைத்தார். மாதங்கள் கழித்து, பின் சக்கரங்களைச் சரிபார்க்க வந்தபோது. "வேலை பிழையில்ல பேப்பர்காரர்" என்றார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு உரசலைக் கேட்கக் குனிந்துகொண்டார்.

டீச்சர் எங்கள் பக்கத்து வீட்டிலேயே இன்னும் ஒன்பது வருடம் இருந்தார். என் மனைவியோடு வேலிக்கு மேலால் கதைப்பார். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புவார். மழை நாட்களில் பள்ளிக்கூடத்துக்குக் குடை பிடித்து நடந்து போகும்போது நான் காரை நிறுத்தியிருக்கிறேன். அவர் ஒரு தரமும் ஏறவில்லை.